ஐந்து பேர் அறிக்கையிலும் என் பல்

1

ட்வின்னிங் படிப்பு எப்படி என்று கேட்டு ஊரிலிருந்து நான்கு பேர் போன் செய்துவிட்டார்கள். ஐந்தாவதாக நேற்று என் தங்கை, பக்கத்து வீட்டுப் பையனுக்காக. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பேச்சு வராது. எழுதிவிடுகிறேன். படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஒன்பதாவது வரை. சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் ஊர். நடவு, களை, அறுப்பு என்று போய்க்கொண்டிருந்தவள். என் வீட்டுக்காரர் தஞ்சாவூரில் ஓட்டல் சமையலில் இருந்தார். அங்கிருந்து நியூசிலாந்துக்கு வேலைக்கு வந்தார். பிறகு நான் வந்தேன். மகள் சங்கவி அப்போது பிளஸ் டூ. படிப்பை நடுவில் அறுக்க முடியாது என்று தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

ட்வின்னிங் என்றால் இதுதான். இரண்டு வருடம் அங்கே ஒரு கல்லூரியில். மீதி இரண்டு வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில். பட்டம் வெளிநாட்டுக்காரர்கள் கொடுப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரி, நாங்கள் இருக்கும் ஊர்ப் பல்கலைக்கழகத்தோடு இப்படி ஒப்பந்தம் போட்டிருந்தது. சிவில் இன்ஜினியரிங். சேர்த்துவிட்டோம். படிப்புக்காகச் சேர்த்தோம் என்று எல்லாரிடமும் சொன்னோம். பெண் எங்களிடம் வந்து சேர வேறு வழி தெரியவில்லை என்பதுதான் உண்மை.

இதில் ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிள்ளை விமானம் ஏறியதும் அங்கே பெயரை அடித்துவிடுவார்கள். இங்கே விழுந்தால் அங்கே போய் உட்கார இடமில்லை. விசாவும் படிப்போடு கட்டியது. சென்ற மாதம் அந்த விழும் இடம் வரைக்கும் போய்த் திரும்பினோம். காட்டிக்கொடுத்தது என் கடைவாய்ப் பல்.

2

நான் வேலை பார்ப்பதும் அதே பல்கலைக்கழகத்தில்தான். துப்புரவு. இன்ஜினியரிங் கட்டடம், மூன்று மாடி. பேராசிரியர்களை எனக்கு முகத்தை வைத்துத் தெரியாது, குப்பைத் தொட்டியை வைத்துத் தெரியும். மூன்றாம் மாடிக் கோடி அறைக்காரர் வாழைப்பழத் தோலைக் காகிதத் தொட்டியில் போடுவார். வாழைப்பழம் வரைந்து, மேலே பெருக்கல் குறி போட்டு, தொட்டியில் ஒட்டிவைத்தேன். மறுநாள் அந்தப் படத்தின் மேலேயே தோல் கிடந்தது.

சங்கவி வந்த முதல் நாளே சொல்லிவிட்டேன். கட்டடத்துக்குள் என்னைப் பார்த்தால் கூப்பிடாதே. அவளோடு தஞ்சாவூரிலிருந்து இன்னும் நான்கு பேர் வந்திருந்தார்கள். கூப்பிட்டால் அவர்கள் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். நான் துடைப்பத்தைக் கீழே வைக்க வேண்டும். எல்லாருக்கும் சங்கடம்.

நான் போட்ட சட்டம்தான். அவள் நன்றாகவே கடைப்பிடித்தாள். கொஞ்சம் அதிகமாகவே. ஒரு நாள் லிப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அப்போதும் பேசவில்லை. இரண்டாம் மாடி வந்ததும் "எக்ஸ்க்யூஸ் மீ" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வீட்டிலும் சோறு போட்டால் "தேங்க்ஸ்மா" என்கிறாள். வேறு யார் போடுவார்கள் என்று நினைத்தாளோ தெரியவில்லை.

3

ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்ஜினியரிங் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் செய்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தஞ்சாவூரில் அறுபது பேர் வகுப்பு. ஒருத்தி எழுதுவாள், ஐம்பத்தொன்பது பேர் பார்த்து எழுதுவார்கள். அந்த ஒருத்தி சங்கவி. கையெழுத்து அழகாக இருக்கும் என்பது ஒரு காரணம். கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாள் என்பது இன்னொன்று.

அவள் நோட்டு ஹாஸ்டலில் மாடி மாடியாக ஏறி இறங்கும். ஒரு முறை பையன்கள் ஹாஸ்டலுக்குப் போய்ப் பரோட்டா சால்னாவோடு திரும்பி வந்தது. ஃபைசல் வேலை. நாகப்பட்டினத்துப் பையன், இப்போது இங்கே வந்திருக்கும் நாலு பேரில் ஒருவன். சால்னா விழுந்து மறைந்த எண்ணுக்கு அவன் தன் நோட்டில் காலி இடம் விட்டான். அவனைப் பார்த்து எழுதிய பன்னிரண்டு பேரும் அதே இடத்தில் காலி விட்டார்கள். சார் பன்னிரண்டுக்கும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார்.

நோட்டுக் கொடுக்காதவளை ஹாஸ்டலில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கொடுப்பது தப்பு என்று சங்கவிக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கே அது தப்பாகப் பட்டதில்லை. நடவில் வரிசையாக நிற்போம். ஒருத்தி பின்தங்கினால் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் அவள் பங்கிலும் கைபோட்டு நட்டு, வரிசையைச் சேர்த்து இழுத்து வருவார்கள். சங்கவி வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது சம்பா நடவுக்குப் போனேன். என் பங்கில் பாதிக்கு மேல் பக்கத்து இரண்டு பேர் நட்டது.

இங்கே வந்த முதல் வாரத்திலேயே ஒரு வகுப்பு வைத்தார்களாம். பிறர் எழுதியதைப் பார்த்து எழுதக் கூடாது, நாம் எழுதியதைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று. கடைசியில் சின்னதாக ஒரு தேர்வு. ஐந்து பேரும் பாஸ். மற்ற நாலு பேருக்கும் சங்கவி விடை சொன்னாளாம்.

4

நடந்தது இது.

தொட்டியில் தண்ணீர். குறுக்கே ஒரு தகடு. தகட்டில் முக்கோணமாக ஒரு வெட்டு. அதன் வழியாக எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்க வேண்டும்.

"வாய்க்கால் மடையில நாள் பூரா நடக்குறதுதானடி. இதுக்கா பிளேன் ஏறி வந்தே?" என்று கேட்டேன்.

"மடையில யாரும் அறிக்கை கேக்க மாட்டாங்கம்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அறிக்கையைத்தான் லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டரிடம் வலியை இங்கிலீஷில் சொல்ல எனக்கு வராது. இவள் கூட வர வேண்டும்.

"நாளைக்கு நாலு மணிக்குப் பல் டாக்டர். மறந்துடாதே" என்று அடுப்படியிலிருந்து சொன்னேன்.

மறக்கக் கூடாது என்று கை இருந்த இடத்திலேயே அடித்து வைத்தாள். தமிழ்தான், எழுத்து மட்டும் இங்கிலீஷ். அம்மா பல் டாக்டர் 4 மணி. மூன்றாவது அளவுக்கும் நான்காவது அளவுக்கும் நடுவில். அப்புறம் அழிக்க மறந்துவிட்டாள். டாக்டரை மறக்கவில்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று.

இவர்கள் ஐந்து பேருக்கும் ஒரு வாட்ஸ்ஆப் குரூப். பெயரே ரெக்கார்டு. வழக்கம்போல அதில் கேட்டார்கள். வழக்கம்போல இவள் போட்டாள். நான்கு பேரும் பெயரை மாற்றி அனுப்பினார்கள். ஃபைசல் கூடுதலாக வரைபடத்தின் கோட்டை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றினான்.

இரண்டு வாரத்தில் ஐந்து பேருக்கும் கடிதம் வந்தது. ஐந்து அறிக்கையும் ஒன்றாக இருக்கின்றன. விசாரணை. நேரில் வர வேண்டும். துணைக்கு ஒரு ஆள் வரலாம். பாடத்தையே பெயில் போட்டால் கடைசி வருடத்துக்குப் போக முடியாது. விசா நிற்காது. தஞ்சாவூரிலும் பெயர் இல்லை.

சனிக்கிழமை மதியம் ஐந்து பேரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"தமிழ்ல ஒரு வரி இருக்கே, அதக்கூடவாடா பாக்கல?" என்று கேட்டேன்.

"படிச்சாத்தானே ஆன்ட்டி தெரியும்" என்றான் ஃபைசல்.

பிறகு சங்கவியிடம் திரும்பினான். "உன் லேப்டாப்லேருந்து நான் திருடிட்டேன்னு சொல்லிடறேன். நீ தப்பிச்சுக்க."

"நாலு பேருமா திருடினீங்க?"

"தனித்தனியா."

"என் லேப்டாப் என்ன, பஸ் ஸ்டாண்டா?"

இன்னொரு பையன் சொன்னான், "என்ன சொன்னாலும் அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். அதான் முக்கியம். சங்கவி, நீ நீட்டா எழுதி குரூப்ல போட்டுடு."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் தோசைக் கரண்டியோடு நின்றுவிட்டேன். பொய்யையும் ஒருத்தி எழுத, நாலு பேர் பார்த்து எழுதப் போகிறார்கள்.

"என் பல்லை என்ன பண்ணுவீங்க?" என்றேன். "அஞ்சு பேருக்கும் ஒரே அம்மான்னு சொல்லுவீங்களா?"

 அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டினார்கள்.

அவர்கள் கிளம்பிய பிறகு சங்கவி அடுப்படிக்கு வந்தாள். மாணவர் அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறாள்.

"எனக்குத் தெரியாம எடுத்துக்கிட்டாங்கன்னா என் மேல ஒண்ணும் கிடையாதாம்மா."

"எடுத்துக்கிட்டாங்களா?"

"குடுத்தேன்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னவா? குடுத்தேன்னு சொல்லிட்டு மறுபடி சித்தி வீட்டுல போய் உக்காந்துக்கவா?"

 கல்லைக் கழுவினேன். அவளை அங்கே விட்டுவிட்டு நான் விமானம் ஏறிய நாள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்திருக்கும். 

"துணைக்கு நீ வரியா? அப்பாவுக்கு மத்தியானச் சமையல்" என்றாள்.

"வரேன். கட்டடத்துக்குள்ள பேசலாமா?"

முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

5

விசாரணை நடக்கும் அறையைக் காலையில் நானேதான் துடைத்தேன். மேசையில் ஐந்து டம்ளர் வைத்தேன். அதில் ஒன்று எனக்கு என்பது வைக்கும்போது தோன்றவில்லை. பிறகு யூனிபாரத்தைக் கழற்றிவிட்டுச் சுடிதார் மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, அதே அறைக்கு அவளோடு போனேன்.

எதிரே மூன்று பேர். நடுவில் வாழைப்பழக்காரர். இரண்டு பக்கமும் இரண்டு அம்மையார்கள்.

அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அறை குளிர்கிறது, ஹீட்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அந்த ஹீட்டரின் பொத்தான் திரைக்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து போய்ப் போட்டேன். நன்றி சொன்னார். நான் திரும்பி வந்து சங்கவி பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வெளியே போவேன் என்று அவர் காத்திருந்தார். நானும் அவர் தொடங்குவார் என்று காத்திருந்தேன்.

"இவங்க எங்க அம்மா" என்றாள் சங்கவி, இங்கிலீஷில்.

கட்டடத்துக்குள் முதல் தடவை.

அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. அவசரமாகக் காகிதத்தை எடுத்தார். ஐந்து அறிக்கையிலும் ஒரே இடத்தில் ஒரு வரி இருப்பதாகச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அம்மா. பால். டாக்டர். ஃபோர். மானி. எந்தப் புத்தகத்திலும் தேடிக் கிடைக்கவில்லை என்றார். வலது பக்கத்து அம்மையார், இது உங்கள் ஊரில் தண்ணீர் அளக்கும் முறையா என்று கேட்டார்.

 நான் வாயைத் திறந்து, பல் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"மை டூத்" என்றேன். "நவ் நோ."

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

அப்படியானால் முதலில் எழுதியது உங்கள் மகள் என்றார் வாழைப்பழக்காரர். ஆமாம் என்றேன். பிறகு பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு சங்கவியைக் கேட்டார். மற்றவர்கள் உனக்குத் தெரியாமல் எடுத்தார்களா?

கதவில் கண்ணாடி. வெளியே ஃபைசல் தலை தெரிந்தது. சங்கவி மேசையைப் பார்த்தாள். நான் துடைத்த மேசை. அதில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆமாம் என்று சொல்லிவிடு என்று எனக்குள் ஒன்று சொன்னது. மறைக்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

"கேட்டாங்க, குடுத்தேன்" என்றாள். "ரெண்டு வருசத்துக்கு மேல குடுத்துட்டுத்தான் இருக்கேன்."

இந்த இரண்டாவதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

துணைக்கு வந்தவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்கள். பேசக் கூடாது என்றுதான் வந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடவைச் சொன்னேன். வரிசை. ஒருத்தி மெதுவாக நடுகிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் கைகொடுப்பார்கள். இவள் என் வயிற்றில் இருந்தபோது எனக்குக் கொடுத்தார்கள். வராத வார்த்தைக்கு மேசையில் விரலால் நட்டுக் காட்டினேன்.

"நிலத்துக்காரருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார் வாழைப்பழக்காரர்.

தெரியும் என்றேன். அவருக்கு வயல் நட்டிருக்க வேண்டும். யார் நட்டது என்று பார்க்க மாட்டார்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "இங்கே எங்களுக்கு வயல் வேண்டாம். இவளுக்கு நடத் தெரியுமா என்றுதான் பார்க்கிறோம். நாளைக்கு ஒரு அணைக்குக் கீழே தனியாக நின்று இது தாங்குமா என்று இவள்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்."

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"கரெக்ட்" என்றேன்.

மேசைக்கு அடியில் சங்கவி என் காலை மிதித்தாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "நீ எனக்கு சப்போர்ட்டா வந்தியா, அவருக்கு சப்போர்ட்டா வந்தியா?"

"அவரு சொன்னது சரிதானடி."

"சரியா இருந்தா மனசுல வச்சுக்க வேண்டியதுதானே!"

ஃபைசல் ஓடி வந்தான். "ஆன்ட்டி, என்ன சொன்னா?"

"குடுத்தேன்னு சொல்லிட்டா."

சங்கவியையே பார்த்தான். "லூசு. திருடினேன்னு சொல்றதுக்கு நான் கண்ணாடி முன்னாடி நின்னு பிராக்டிஸ் பண்ணிட்டு வந்திருக்கேன்."

"போய்ச் சொல்லு. யாரு வேணாம்னா?"

"இனிமே எவன் நம்புவான்?" என்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். கேட்டு வாங்கினேன் என்று சொன்னானாம்.

6

முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் சங்கவி தேங்க்ஸ் சொல்லவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மூன்றாம் மாடிக் கோடி அறையைக் கூடுதலாகத் துடைக்கவும் இல்லை, குறைத்துத் துடைக்கவும் இல்லை. தோல் காகிதத் தொட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஐந்து பேருக்கும் அந்த அறிக்கைக்குச் சுழியம். கொடுத்தவளுக்கும் அதேதான். பாடம் பெயில் இல்லை. ஆளுக்கு ஒரு காலை தனியாக ஆய்வகத்துக்குப் போய், மறுபடி அளந்து, மறுபடி எழுத வேண்டும். அந்தப் புது அறிக்கைக்கு மதிப்பெண் உண்டு. இன்னொரு முறை நடந்தால் வெளியே. சங்கவி கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு மூன்று தோசை சாப்பிட்டாள். 

ஐந்து காலை, ஐந்து பேர், ஐந்து விடை. ஒன்றும் ஒன்றோடு ஒத்துப்போகவில்லை. ஒரே தொட்டி, ஒரே தகடு, ஒரே தண்ணீர். "இப்படியெல்லாம்கூட வருமா?" என்று சங்கவி ஆச்சரியப்பட்டாள். அதுவரை அவள் பார்த்த வகுப்பில் எல்லாருக்கும் ஒரே விடைதான் வந்திருக்கிறது.

ஃபைசல் தன் முறை வந்தபோது குழாயை மூட மறந்துவிட்டான். ஆய்வகத் தரை முழுக்கத் தண்ணீர். நான்தான் வாரி எடுத்தேன். அவன் விடைதான் ஐந்திலும் மோசம். ஆனால் அவனுடையது. அதைப் படம் எடுத்து நாகப்பட்டினத்தில் இருக்கும் அவன் வாப்பாவுக்கு அனுப்பினான். சங்கவிக்குப் பத்துக்கு ஆறு. எப்போதும் ஒன்பதரை வாங்கியவள். ஆறை இரண்டு நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே தங்கைக்கும் மற்ற நான்கு பேருக்கும் பதில்: அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால் பிள்ளையை ஒரு ரெக்கார்டாவது தானே எழுதச் சொல்லுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் வாரத்தில் எனக்கும் ஒரு பரீட்சை வந்துவிட்டது. துப்புரவு வேலைக்காரர்களுக்கு வருடா வருடம் வைப்பது. கம்ப்யூட்டரில் இருபது கேள்வி. நாங்கள் ஆறு பேர் வரிசையாக உட்கார்வோம். பக்கத்தில் மெலே, டோங்கா தீவுக்காரி. விடை தெரிந்தவர் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். இத்தனை வருடமும் அப்படித்தான் பாஸ்.

ஏழாவது என்ன என்று மெலே கேட்டாள். பி என்றேன். வரிசை முழுக்க பி போனது. ப்ளீச்சோடு எதைக் கலக்கலாம் என்பது கேள்வி. எதையும் கலக்கக் கூடாது என்பது விடை. நாங்கள் ஆறு பேரும் கலக்கியிருந்தோம்.

புது சூப்பர்வைசர். யார் சொன்னது என்று கேட்டார். ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான்" என்றேன்.

வியாழக்கிழமை தனித்தனி அறையில் மறுபடி எழுத வேண்டும். சங்கவி மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் படித்துச் சொல்கிறாள். சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கிறாள். புதிதாக ஒரு அறிக்கை அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏயா பியா, அதையாவது சொல்லுடி."

"நீயா யோசிம்மா."

அவள் திரையில் இருப்பதில் ஒரு எழுத்துகூட எனக்குப் புரியாது. ஆனாலும் எனக்குத் தெரியாதபடி கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறாள்.